யாருக்கு ஓடுது இந்த ஃபேன்?

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தக் காலனியில் எலியேசரைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. அவரை நிரந்தர வாடிக்கையாளர் என்று நம்பிய கடைக்காரரும் கிடையாது. இந்த மாதம் ஒரு கடையில் அரிசி வாங்குவார். அடுத்த மாதம் எதிர்க்கடையில் நிற்பார். அவர் வீட்டுப் பால் பாக்கெட்டின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். செல்போன் கம்பெனியை அவர் மாற்றிய வேகத்துக்கு, நம்பர் மட்டும் மாறாமல் இருந்ததே பெரிய காரியம். எங்கேயோ ஒருவன் இதே சாமானை இன்னும் மலிவாக விற்கிறான், அது தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்ற நினைப்பு வந்துவிட்டால் போதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையின் படிப்புக்கும் சர்ச் காணிக்கைக்கும் கை தாராளமாகவே நீளும். ஏமாந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு பயம் அவரை ஆயுசு முழுக்க ஆட்டி வைத்தது.

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு வாஷர்கூட அவர் கண்ணில் படாமல் வெளியே போகாது. ஓய்வு பெற்றதும் அந்தக் கண் மொத்தமும் வீட்டின் மேல் விழுந்தது. வீட்டில் இருந்தவள் மனைவி ரத்தினபாய் ஒருத்திதான். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கியவளுக்கு, வீட்டில் ஒரு ஃபேனைத் தன் இஷ்டத்துக்கு ஓட விட முடியவில்லை. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எழுந்து போய்விட்டு வருவதற்குள் ஃபேன் நின்றிருக்கும். எங்கிருந்தோ அவர் குரல் மட்டும் வரும்.

"யாருக்கு ஓடுது இந்த ஃபேன்?"

கல்யாணமான புதிதில் அவள் பதில் சொன்னாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு ஒன்றும் பேசாமல் மறுபடி சுவிட்சைப் போட்டுக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள். அந்தக் கேள்வி கேட்காத நாள் அந்த வீட்டில் கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மும்பையிலிருந்து மகன் டெனிஸ் ஒருநாள் போனில் பேச்சுவாக்கில் சொன்னான்.

"கரண்ட் பில் ஜாஸ்தியா வந்துட்டிருந்துச்சுப்பா. கம்பெனிய மாத்திட்டேன்."

"எந்தக் கம்பெனிய? வேலையவா?"

"இல்லப்பா, கரண்ட் கம்பெனிய. எங்க ஏரியாவுல ரெண்டு பேர் இருக்காங்க. யாரு ரேட்டு கம்மியோ அவங்ககிட்ட போயிக்கலாம்."

"அப்ப கம்பம், வயரெல்லாம்?"

"அதெல்லாம் அப்படியேதான் இருக்கு. பில்லு மட்டும் வேற."

எலியேசர் போனை வைத்துவிட்டு நேராக மொட்டை மாடிக்குப் போனார். தெருவில் ஒரே ஒரு கம்பம் நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு வயர் அவர் வீட்டுக்கு வந்தது. அரிசிக்கு ஆள் இருக்கிறது, பாலுக்கு ஆள் இருக்கிறது, போனுக்கு ஆள் இருக்கிறது. கரண்டுக்கு மட்டும் இந்த ஊரில் மாற்றிக்கொள்ள வேறு ஆளே இல்லை. சொந்தப் பிள்ளை அங்கே கம்பெனி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அப்பன் இங்கே கொடுத்ததை வாங்கிக்கொண்டு கட்டச் சொன்னதைக் கட்டுகிறான். அன்று முழுவதும் அவர் மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ரத்தினபாய் இரண்டு தரம் காபியைச் சூடு பண்ணிவிட்டு, கடைசியில் தானே குடித்துவிட்டாள்.

வழி அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. அங்கே இரண்டு மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்று கீழ் வீட்டுக்கு. இன்னொன்று மேல் போர்ஷனுக்கு. மேல் போர்ஷன் காலியாகக் கிடந்தது. கடைசியாக இருந்த குடித்தனக்காரர்கள் நல்லவர்கள்தான். அவர்கள் மீட்டருக்கு அவர்களே பணம் கட்டினார்கள். ஆனால் ராத்திரி வாசல் லைட்டை அணைக்காமல் தூங்கினார்கள். எலியேசர் தினமும் படியேறிப் போய் அதை அணைத்துவிட்டு வந்தார். ஒருநாள் பகலில் உள்ளே எட்டிப் பார்த்து, யாருக்கு ஓடுது இந்த ஃபேன் என்றும் கேட்டுவிட்டார். அந்த மாதமே அவர்கள் செம்பாக்கத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு மீட்டருக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் எல்லாம் ஓடினால் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். பாதியை இதில், பாதியை அதில் ஓட்டினால் இரண்டுமே அடிமட்டத்து ரேட்டில் நின்றுவிடும். இது புரிந்த நிமிஷத்தில் எலியேசருக்கு முகமே மாறிப்போனது. மும்பைக்காரனுக்கு இரண்டு கம்பெனி என்றால் தனக்கு இரண்டு மீட்டர். உடனே எலக்ட்ரீஷியன் ஜெயவேலுவுக்குப் போன் போட்டார்.

ஜெயவேலு மீட்டர் பெட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மேல் மீட்டர்லேர்ந்து கீழ வயர் இஸ்துகினு வரணுமா? வேணாம் சார். எவனாவது வந்து பார்த்தான்னு வையி, பேஜாராப் பூடும். ஒரே குடும்பம் ரெண்டு மீட்டர் வச்சிகினு கீதுன்னு தெரிஞ்சா, ரெண்டையும் ஒண்ணாச் சேத்துருவாங்கன்னு வேற பேசிக்கிறாங்க."

"அப்ப என்னதான்யா பண்றது?"

"மேல ஒரு குடும்பம், கீழ ஒரு குடும்பம் இருந்தா எவன் இன்னா கேக்கப் போறான்?"

ஜெயவேலு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எலியேசர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வாடகைக்கு ஆள் வைத்தால் அந்த மீட்டர் அவர்களுடையதாகிவிடும். ஆகையால் மேலே குடியேற வேண்டிய குடும்பம் தானேதான் என்று முடிவு செய்தார். வயரை இழுப்பதற்குப் பதில் ஆளை இழுத்தாயிற்று.

"நான் மேல போயிடறேன், ரத்தினா. சும்மா ஒரு கணக்குக்குத்தான். ஈ.பி.லேர்ந்து செக்கிங் வந்துட்டுப் போனதும் எறங்கி வந்துடுவேன்."

அவள் எதிர்த்துப் பேசுவாள், இந்த வயசில் இது என்ன கூத்து என்று திட்டுவாள் என்று காத்திருந்தார். ரத்தினபாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தலகாணி ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குக் கழுத்து வலிக்கும்" என்றாள். அது அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் யூனிட் கணக்கு மனசில் இனித்துக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மேலே ஒரு கட்டில் போனது. வாஷிங் மெஷின் போனது. அதோடு துவைக்கிற வேலையும் போனது. சாப்பாடு கீழேதான் என்று நினைத்திருந்தார். முதல் நாள் மத்தியானம் இறங்கி வந்து தட்டை எடுத்ததும் ரத்தினபாய் கேட்டாள்.

"செக்கிங் வர்றவங்க மேல அடுப்பைப் பார்ப்பாங்களே. பானை இல்லேன்னா குடும்பம்னு எப்படி நம்புவாங்க?"

நியாயமான கேள்வி. அவர் மூளையில் உதிக்க வேண்டிய கேள்வி. மறுநாள் ஒரு கேஸ் அடுப்பும் குக்கரும் மேலே போயின. எலியேசர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சோறு வடித்தார். அது பாதி சோறாகவும் பாதி கஞ்சியாகவும் வந்தது. ரசம் என்று ஒன்று வைத்தார். அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

செக்கிங் வரவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எலியேசர் ஓடிப்போய் அடுப்பில் ஒரு பாத்திரத்தை ஏற்றுவார். கூரியர்காரன் கேட்டைத் தட்டினால் கொடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பார். வந்தவர்கள் எல்லாரும் வேறு எதற்கோ வந்தவர்கள். மீன்காரி கங்கையம்மாள் மட்டும் முழுசாகச் செக்கிங் பண்ணினாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருகிறவள். வாசலில் கூடையை இறக்கிவிட்டு மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"இன்னா சார், தனியா ஆக்கித் துன்றியாமே? இந்த வயசுல இன்னா ரோசம் உனக்கு? டீச்சரம்மா கால்ல வுயுந்து எந்திரிப்பியா, அத்த வுட்டுட்டு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மீனைப் போடு."

"மேல எவ்ளோ, கீழ எவ்ளோ? தனித்தனியாப் போட்டுத் தரேன்."

கீழே அரை கிலோ சங்கரா, மேலே கால் கிலோ. கங்கையம்மாளின் தராசில் இரண்டு குடும்பம் என்பது உறுதியாகிவிட்டது. அவள் வாயில் போனது அந்த வாரமே சர்ச்சுக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். இருவரையும் மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, குடும்ப ஐக்கியத்துக்காக உருக்கமாக ஜெபம் செய்தார். எலியேசர் நெளிந்தார். பெண்டாட்டியோடு சண்டை இல்லை, மீட்டருக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பாஸ்டரிடம் சொல்வதா, பிரிந்து வாழ்கிற பாவி என்ற பெயரையே வைத்துக்கொள்வதா? எது கேவலம் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரத்தினபாய் மட்டும் சத்தமாக ஆமென் சொன்னாள்.

நாள் போகப்போக எலியேசருக்கு ஒன்று உறைத்தது. கீழே அவள் நன்றாக இருந்தாள். சாயங்காலத்தில் செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப் போனாள். திரும்பி வந்து எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டுப் பாடினாள். கேம்ப் ரோட்டில் ஒரே கடையில் எல்லாச் சாமானையும் வாங்கினாள். அந்தக் கடைப்பையனோடு சிரித்துப் பேசினாள். மேலேயோ சித்திரை வெயில் தளத்தை அடுப்பாக்கியிருந்தது. ஃபேனை ஒரு நொடி நிறுத்த முடியவில்லை. எலியேசர் தன் ஃபேனை ராப்பகலாக முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு கிடந்தார். யாருக்கு ஓடுகிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

மீட்டர் ரீடிங் எடுப்பவர் வந்த அன்று எலியேசர் தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக் கீழே இறங்கிவிடத் தயாராக நின்றார். வந்தவர் இரண்டு மீட்டரையும் பார்த்தார், குறித்துக்கொண்டார், ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்தார், போய்விட்டார். குடும்பம் ஒன்றா இரண்டா என்று அவர் கேட்கவே இல்லை. எலியேசர் கீழ் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணும் கேக்கல ரத்தினா. வந்துடட்டுமா?"

"இந்தத் தடவ கேக்கல. அடுத்த தடவ கேட்டா?" ரத்தினபாய் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "எதுக்கும் கொஞ்ச நாள் பார்த்துக்குங்க."

தலையணைகள் மறுபடி மேலே போயின. அன்றிலிருந்து அவர் கீழ் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் போகலாம், அவளாகக் கூப்பிடட்டும் என்று வீம்பு பிடித்தார். அவள் கூப்பிடவில்லை. காபி போட்டால் டம்ளரை வாசல் திண்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அவர் வந்து எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவி வைத்துவிட்டுப் போவார். தன் வீட்டுக்குத் தானே திரும்பிப் போக முடியாத நிலைமை. அதுவும் தானே கணக்குப் போட்டு ஏற்படுத்திக்கொண்ட நிலைமை. இதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வரவில்லை, உட்கார முடியவில்லை, ஒரு வேலை ஓடவில்லை.

அவருக்கு மிஞ்சியது மீட்டர் ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கீழ் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரண்ட் ஓட ஓட அது மினுக்கும். அதிகம் ஓடினால் அவசரமாக மினுக்கும். மிக்ஸி போட்டிருக்கிறாள், சட்னி அரைக்கிறாள். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. இதோ ஹால் லைட். பார்த்தே சொல்லிவிடுவார். யூனிட்டுக்காகப் பார்க்க ஆரம்பித்தவர், கடைசியில் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படிப் பார்த்ததில்தான் கணக்கு உதைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு ஃபிரிட்ஜ். அதற்கு மேல் ஏதோ ஒன்று சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏரிக்கு நடக்கப் போன பிறகு கூட, வீடு பூட்டியிருக்கும்போதே, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் மினுக்குவதைவிட அந்த விளக்கு அதிகமாக மினுக்கியது. எர்த் லீக்காக இருக்கும் என்று முதலில் பயந்தார். சுவரில் ஷாக் அடித்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஜெயவேலுவை உடனே வரச் சொன்னார்.

"நீ போய்ப் பாரு. நான் உள்ள வரல."

ஜெயவேலு டெஸ்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

"லீக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லோடுதான் ஓடிகினு கீது. எங்கன்னு நீயே உள்ள போய்ப் பாரு சார். நா சொன்னா நல்லா இருக்காது."

அவன் காசுகூட வாங்காமல் கிளம்பிவிட்டான். எலியேசரின் வீம்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழ் வீட்டுக்குள் நுழைந்தார்.

ஹாலில் ரத்தினபாய் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. அது சரி, அது கணக்கில் இருக்கிறது. இன்னொரு சத்தம் உள்ளேயிருந்து வந்தது. அவருடைய அறையிலிருந்து. போய்ப் பார்த்தார். அவர் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. மூலையில் ஒரு பாய் சுருட்டி நின்றது. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை பறந்தது. சுவரில் பைபிள் வசனக் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆள் ஒருவரும் இல்லை. அவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"அதைத் தொடாதீங்க." ரத்தினபாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

அவர் வாய் கையைவிடப் பழக்கப்பட்டது. "யாருக்கு ஓடுது இந்த ஃபேன்?"

"யாருக்கும் இல்ல." அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அதுக்காகத்தான் போட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுட்டே இருக்கீங்க, யாருக்கு ஓடுது, யாருக்கு ஓடுதுன்னு. நானும் அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஓடி ஓடி வந்திருக்கேன். யாருக்குமே இல்லாம ஒரே ஒரு ஃபேன், அதுபாட்டுக்கு ஓடினா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. நீங்க மேல போன அன்னைக்கே போட்டேன். நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

எலியேசருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பட்டுப்புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிக்காட்டு என்று கேட்டதில்லை. அவளுக்கு இருந்த ஆசை இது. இதையும் அவர் மாடிக்குப் போன பிறகுதான் அவளால் அனுபவிக்க முடிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றார். தலைக்கு மேல் காற்று கொட்டியது.

"நான் கீழ வந்துடட்டுமா, ரத்தினா?" இந்தத் தடவை செக்கிங் பேச்சை எடுக்கவில்லை. "மேல என்னால முடியல. சோறு குழையுதுன்னு சொல்லல. தனியா இருக்க முடியல."

"கரண்ட் பில்?"

"வரட்டும்."

"மேல் மீட்டரு?"

"வாடகைக்கு விட்டுடலாம்."

"அவங்க ராத்திரி பூரா வாசல் லைட்ட போட்டுக்கிட்டுத் தூங்குனா?"

எலியேசர் சுவிட்ச் பக்கமிருந்த கையை இறக்கிக்கொண்டார். "போட்டுக்கட்டும்."

ரத்தினபாய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்த்துப் பழகிய கண். பிறகு, "தலகாணிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் படியேறிப் போய், கட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தலையணைகளை மட்டும் அள்ளிக்கொண்டு இறங்கினார். மாடிப்படிக்கு அடியில் மீட்டரைப் பார்க்காமல் வந்தார். பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காலண்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ரத்தினபாய் கதவோரம் வந்து நின்று, மேலே பார்த்து, கீழே அவரைப் பார்த்தாள்.

"யாருக்கு ஓடுது இந்த ஃபேன்?"

"எனக்கு" என்றார் எலியேசர்.

"அப்ப சரி."

அவள் திரும்பிப் போனாள். ஹாலுக்குப் போகவில்லை. டெனிஸின் பழைய அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சுவிட்ச் விழுந்தது. வெகுநாளாக ஓடாத ஃபேன் ஒன்று முனகிக்கொண்டு கிளம்பி, மெதுவாக வேகம் பிடித்தது. ரத்தினபாய் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, ஹாலில் தன் இடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாள்.

எலியேசரின் கால் தானாகப் பாயை விட்டு இறங்கியது. வாய் பாதி திறந்தது. அவர் ஒரு தலையணையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலை மெல்ல இழுத்து மறுபடி பாயில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் யாருக்கும் இல்லாமல் ஓடும் அந்த ஃபேனின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.